தொண்ணூற்று மூன்று

கேள்வி ஏழு: தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?
முப்பத்தொரு தாள்களில் நூறு.
ஒன்றில் மட்டும் தொண்ணூற்று மூன்று.
சிவப்புப் பேனா யோசிக்கவில்லை,
தானாகவே கோடு கிழித்தது.

தாளை வாங்கிக்கொண்ட பயாமான்
ஒன்றும் சொல்லவில்லை.
மடித்தான். இன்னொரு தரம் மடித்தான்.
தீப்பெட்டி அளவுக்கு வந்ததும்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன்.
அந்த மடிப்புதான்
இராத்திரி தூங்கவிடவில்லை.

பிஷ்கெக்கிலிருந்து மலையேறி
ஆத்பாஷிக்கு வந்து ஏழு வாரம்.
இருபத்து நாலு வயது எனக்கு.
பிள்ளைகள் எஜே என்கிறார்கள், அக்கா என்று.
அக்காவிடம் சொல்கிற எதையும்
என்னிடம் சொல்வதில்லை.

மறுநாள் கேட்டேன்:
"தொண்ணூற்று மூன்று எங்கே படித்தாய்?"
"படிக்கலை."
ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்:
"அம்மாவுக்குப் பால் நிலையத்தில் வேலை.
கேன் கழுவ வெந்நீர் வைப்பாங்க.
தெர்மாமீட்டர் அதுக்கு மேலே ஏறாது, எஜே.
எத்தனை வறட்டி போட்டாலும் ஏறாது."

காற்றழுத்தம்.
தேர்வுகளில் எத்தனையோ முறை
எழுதி மதிப்பெண் வாங்கிய சொல்.
ஒருநாளும் அதில் நான்
தேநீர் போட்டதில்லை.

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு
கெட்டிலை வகுப்புக்கே தூக்கிக்கொண்டு போனேன்.
ஆவி கிளம்பியது. மூடி தடதடத்தது.
பாதரசம் தொண்ணூற்று மூன்றில் நின்று
எங்களைப் பார்த்தது.

"தெர்மாமீட்டர் ரிப்பேர்," என்றாள் பெகாயிம்,
முதல் பெஞ்சு, எப்போதும் நூற்றுக்கு நூறு.
"ரிப்பேர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"
முறைத்தாள். எழுந்து வெளியே ஓடினாள்.
தொப்பி நிறையப் பனி அள்ளி வந்து
உருகி நீர் கோக்கும்வரை காத்திருந்து
அதில் செருகினாள்.
பூஜ்யம்.
"நல்லாத்தான் இருக்கு," என்றாள்,
யாரோ இறந்துபோன குரலில்.

பிறகு ஆளுக்கொரு காரணம்:
கெட்டில் மட்டம். தண்ணீரில் சுண்ணாம்பு.
இந்த ஊரில் எல்லாமே சோம்பேறி.
மணி அடித்ததும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை.
சொல்லித் தொலைத்துவிடலாமா என்று
பத்துத் தடவை சாக்பீஸை எடுத்தேன், வைத்தேன்.
கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம்
கொடுக்காமல் நிற்பது.

பத்தாம் நாள், வழக்கம்போலத் தாமதமாக,
சிமிக் வந்தான், லாரிக்காரர் மகன்.
கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்,
சினையாட்டு வயிறுபோல.
"பிஷ்கெக்கில் வாங்கினப்போ சப்பையா இருந்ததாம்.
தோலோன் கணவாயில் வெடிச்சிடும்னு
அப்பா பயந்துட்டார்.
யாரும் திறக்கலை, எஜே.
உள்ளே இருக்கிற காத்து அதேதான்.
அப்போ வெளியே இருக்கிறதுதான்..."

அங்கே நின்றுவிட்டான்.
மூன்றாம் பெஞ்சிலிருந்து பயாமான்:
"...குறைஞ்சிருக்கு."
பெகாயிம் எழுந்தே விட்டாள்:
"தண்ணிக்கும் அப்படித்தான்!
மேலேயிருந்து அமுக்க ஆள் இல்லை,
சீக்கிரமே கிளம்பிடுது!"

எதையோ எழுதுகிறவள்போலக்
கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
எழுத ஒன்றுமில்லை.
முகத்தைச் சரிசெய்ய
கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

பாக்கெட்டை உடைத்து
முப்பத்து மூன்று பேர் தின்றோம்.
பாதிப் பேருக்குத் தூள்தான்.

மாலை பயாமானிடம் சொன்னேன்:
"அந்தத் தாளைக் கொண்டு வா.
மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும்."
"தாள் இல்லை, எஜே.
அம்மா அதில் உப்பு மடிச்சு வச்சுட்டாங்க."

கதவுவரை போனவன் திரும்பினான்.
"உப்புப் போட்டா
தண்ணி எத்தனையில் கொதிக்கும்?"

"தெரியாது," என்றேன்.
"இந்த ஊரில் தெரியாது."